பேன்கேக்கில் புளூபெர்ரி பச்சையாகிறது, நடுவில் களிபோல் இருக்கிறது: ஸ்டார்ட்டர் மாவில் பழம் சேர்ப்பவர்கள் உதவுங்கள்

மாவுக்கை

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக ஸ்டார்ட்டர் (ரொட்டியைப் பொங்க வைக்க மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவிட்ட மாவு) வளர்க்கிறேன். ரொட்டி ஓரளவு கைக்கு வந்துவிட்டது. தீனி, அதாவது புது மாவும் தண்ணீரும், போடும்போது எடுத்து ஒதுக்கும் பழைய மாவைக் கொட்ட மனசு வரவில்லை, அதனால் சனிக்கிழமைகளில் பேன்கேக் சுடுகிறேன். வெறும் பேன்கேக் என்றால் பிரச்சினை இல்லை. பழம் சேர்த்தால்தான் கெட்டுப்போகிறது.

இன்று செய்த அளவு: ஸ்டார்ட்டர் மாவு 240 கிராம் (மாவும் தண்ணீரும் சம எடையில் வைத்திருப்பது), மைதா 120 கிராம், பால் 180 மில்லி, முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா 1 தேக்கரண்டி. உறையவைத்த புளூபெர்ரி 150 கிராம், வெளியே வைத்து இளகியதும் மாவில் கலந்தேன்.

கலக்கும்போது மாவு ஊதா நிறமாக அழகாகத்தான் இருந்தது. வெந்ததும் ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் பச்சை வளையம். பாசி படிந்த மாதிரி. மேலே நன்றாகச் சிவந்துவிட்டது, பிட்டுப் பார்த்தால் பழம் இருக்கும் இடமெல்லாம் ஈரக்களி. என் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு "சோப்பு வாசனை அடிக்குதும்மா" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கே தவறு செய்கிறேன்?

காலைஅடுப்பு

சகோதரி, ஒரு கேள்வி. அந்த 240 கிராம் எப்போது எடுத்தது? ஃப்ரிட்ஜில் பல நாள் இருந்ததா, புதிதா?

மாவுக்கை

முந்தின இரவு தீனி போட்டது. காலையில் நன்றாகப் பொங்கி உச்சத்தில் இருந்தபோது எடுத்தேன். பொங்கி இருந்தால் பேன்கேக்கும் பொங்கும் என்று நினைத்தேன்.

காலைஅடுப்பு

அப்படியானால் பச்சை நிறத்துக்கும் சோப்பு வாசனைக்கும் காரணம் ஒன்றுதான். சோடா அதிகம், அமிலம் குறைவு.

புளூபெர்ரித் தோலில் இருக்கும் நிறமி ஆந்தோசயனின். அமிலத்தில் அது சிவப்பாகத் தெரியும், நடுநிலைப் பக்கம் வர வர ஊதா, காரத்தில் நீலமும் பச்சையும். சோடா காரம். மாவில் இருக்கும் புளிப்பு முழுவதையும் சாப்பிட்ட பிறகும் சோடா மிச்சம் இருந்தால், அது பழத்தோலைத்தான் தேடிப் போகும். கலக்கும்போது ஊதாவாக இருந்தது, வெந்தபின் பச்சையானது என்றீர்களே, அதுவும் இதனால்தான். சூட்டில் சமையல் சோடா சிதைந்து சோடியம் கார்பனேட்டாக மாறும். அது சோடாவை விடக் கடுமையான காரம். சோப்பு ருசியும் அங்கிருந்துதான்.

ஸ்டார்ட்டர் எவ்வளவு பொங்கியிருக்கிறது என்பதும் எவ்வளவு புளித்திருக்கிறது என்பதும் வேறு வேறு. பொங்க வைப்பது ஈஸ்ட். புளிக்க வைப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. உச்சத்தில் இருக்கும் மாவில் வாயு நிறைய, அமிலம் அளவாக. தீனி தீர்ந்து அமுங்கி, ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் கிடந்த மாவில் வாயுவே இருக்காது, அமிலம் நிறைய. சோடாவுக்குத் தேவை இரண்டாவதுதான். ரொட்டிக்கு எது உதவாதோ அதுதான் சோடா போடும் பேன்கேக்குக்கு நல்லது. இதை நான் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆயிற்று.

கணக்கு விரும்புகிறவர்களுக்கு: 90 கிராம் லாக்டிக் அமிலத்தை ஈடுகட்ட 84 கிராம் சோடா வேண்டும். ஏறத்தாழ எடைக்கு எடை. நம் மாவில் அமிலம் சில கிராம்தான் இருக்கும், அதுவும் ஒவ்வொரு ஜாடிக்கும் ஒவ்வொரு நாளைக்கும் மாறும். ஆகவே "1 தேக்கரண்டி" என்று எழுதிவைத்த குறிப்பு எல்லா நாளும் சரியாக வராது. உங்கள் அளவுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் நான் போடமாட்டேன். பொங்குதல் போதவில்லை என்று தோன்றினால் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேருங்கள். அதற்குள்ளேயே அதற்கான அமிலம் இருக்கிறது, உங்கள் ஜாடியை நம்பி அது இல்லை.

பழக்கூடை

நிறத்தை அண்ணன் சொல்லிவிட்டார். களியைப் பற்றி நான் சொல்கிறேன்.

உறைந்த பழத்தை இளகவிட்டதுதான் முதல் தவறு. உறையும்போது பழத்துக்குள் பனிப்படிகங்கள் உருவாகி அதன் செல்களைக் கிழித்துவிடும். இளகும்போது சாறெல்லாம் வெளியே. அந்தச் சாறோடு மாவில் கொட்டினால் மாவு நீர்த்துப்போகும், நிறமும் ஊறி முழுவதும் சாம்பலாகும். உறைந்த பழத்தை உறைந்தபடியே போடுங்கள்.

இரண்டாவது, மாவில் கலக்கவே கலக்காதீர்கள். கல்லில் மாவை ஊற்றிய பிறகு மேலே தூவுங்கள். பத்து சென்டிமீட்டர் வட்டத்துக்கு ஏழெட்டுப் பழம் போதும். விளிம்பை ஒட்டிப் போடாதீர்கள், திருப்பும்போது அதுதான் முதலில் பிய்யும். தூவியதும் ஒவ்வொரு பழத்தின் தலையிலும் கரண்டி நுனியால் ஒரு சொட்டு மாவு வையுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் திருப்பிப் போட்டால் பழம் நேராகக் கல்லில் படாது, சாறு கருகி ஒட்டாது. நான் இதை எந்தக் குறிப்பிலும் படிக்கவில்லை, கருகிய சாற்றைச் சுரண்டிச் சுரண்டிக் கற்றது.

பெரிய பழத்தைவிடச் சின்னப் பழம் நல்லது. பெரியது உள்ளே சூடாவதற்குள் சுற்றியுள்ள மாவு வெந்து முடிந்துவிடும், பழத்தின் அடியில் மட்டும் வேகாத மாவு நிற்கும். பெரிய பழம்தான் இருக்கிறது என்றால் இரண்டாக நறுக்குங்கள்.

இரும்புக்கல்

மேலே சிவந்து உள்ளே வேகவில்லை என்றால் தீ அதிகம் என்று அர்த்தம். பழம் போட்ட பேன்கேக்குக்கு வெறும் பேன்கேக்கைவிடக் குறைந்த தீ வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும். உறைந்த பழம் என்றால் இன்னும் கொஞ்சம்.

கனமான இரும்புக் கல்லாக இருந்தால் சிறு தீயில் ஐந்து நிமிடமாவது காயவிடுங்கள். வெண்ணெயைத் தடவிவிட்டு, ஒரு துணியாலோ காகிதத்தாலோ துடைத்தெடுங்கள். வெண்ணெய் குளம் கட்டி நின்றால் பேன்கேக் திட்டுத் திட்டாகச் சிவக்கும். கால் கப் மாவு, அதாவது 60 மில்லி, ஒரே இடத்தில் ஊற்றி அதுவே பரவட்டும். மேலே வரும் குமிழி உடைந்து, அந்த ஓட்டை மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். விளிம்பு பளபளப்பு போய் மங்கலாக வேண்டும். அப்போது திருப்புங்கள், ஒரே தடவை. திருப்பிய பிறகு கரண்டியால் அழுத்தாதீர்கள். உள்ளே சேர்ந்த வாயுவை நாமே வெளியேற்றியது போலாகும்.

ஒவ்வொரு ஈடு முடிந்ததும் கல்லைத் துடையுங்கள். பழச்சர்க்கரை ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் அடுத்த ஈட்டில் அது கரிந்து கசக்கும்.

நிதானம்

எல்லோரும் சோடாவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்டார்ட்டரை வெறும் புளிப்புக்காகப் பயன்படுத்துவது என்றால் மோர் ஊற்றிவிட்டுப் போகலாமே? உயிருள்ள மாவை இரவு முழுக்க வேலை செய்ய விட்டால்தான் அதன் ருசி வரும்.

என் முறை: இரவில் பொங்கிய ஸ்டார்ட்டர் 100 கிராம், மாவு 200 கிராம், தண்ணீர் 250 கிராம், நன்றாகக் கலந்து மூடி வைப்பேன். 22, 24 டிகிரி இருக்கும் அறையில் எட்டுப் பத்து மணி நேரம். காலையில் மேலெல்லாம் குமிழியாக, தொட்டால் நடுங்கும். அதில் முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், சர்க்கரை 25 கிராம், உப்பு 4 கிராம், பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி. கடைசியாகக் கால் தேக்கரண்டி சோடா, அதுவும் புளிப்பைத் தணிக்க மட்டும். சுடும்போது வீடு முழுக்க ரொட்டி வாசனை. சோடாவை மட்டும் நம்பிச் செய்த பேன்கேக்கில் அது வரவே வராது.

காலைஅடுப்பு

நிதானம் அண்ணா, உங்கள் பேன்கேக் என்னுடையதைவிட ருசியானது, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவே நினைவு வைத்துக் கலக்க வேண்டுமே. காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் எழுந்து "பேன்கேக்" என்றால் ஃப்ரிட்ஜில் இருக்கும் பழைய மாவுதான் கைகொடுக்கும். இன்னொன்று, பழைய மாவில் பசைத்தன்மையை அமிலமும் நொதிகளும் ஏற்கனவே தளர்த்தி வைத்திருக்கும். அதனால்தான் அது கரண்டியில் இழையாமல் தண்ணீர்போல் வழிகிறது. ரொட்டிக்கு அது கேடு, பேன்கேக்குக்கு அதுவே மென்மை.

ஒரு கேள்வியும் உண்டு. பாலுக்குப் பதில் பால் பவுடர் எதற்கு?

நிதானம்

பாலும் முட்டையும் கலந்த மாவை இரவு முழுக்க வெளியே வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, யாருக்கும் அதைச் சொல்லவும் மாட்டேன். தண்ணீரில் கலந்து புளிக்க வைத்துவிட்டு, பாலின் சத்தைக் காலையில் பவுடராகச் சேர்க்கிறேன். நிறம் ஏறவும் அது தேவை. இரவு முழுக்க ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றிருக்கும், மாவும் புளித்திருக்கும். புளித்த மாவு எளிதில் சிவக்காது. பால் சர்க்கரையை ரொட்டி ஈஸ்ட் தொடாது, அது அப்படியே நின்று கல்லில் சிவக்க உதவும்.

பால்தான் ஊற்றுவேன் என்றால் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயில் காலத்தில் அறை 30 டிகிரி இருந்தால் எட்டு மணி நேரமும் வேண்டாம், ஐந்து ஆறே அதிகம்.

புதுஜாடி

நான் நான்கு நாள் முன்புதான் ஸ்டார்ட்டர் தொடங்கினேன். இரண்டாம் நாளே ஜாடி வழியப் பொங்கியது! இப்போது தினமும் பாதியை எடுத்துக் கொட்டுகிறேன். அதில் பேன்கேக் செய்யலாமா? கொஞ்சம் கெட்ட வாடை அடிக்கிறது.

காலைஅடுப்பு

தம்பி, இப்போது வேண்டாம். அந்த இரண்டாம் நாள் பொங்கல் ஈஸ்ட் இல்லை. மாவிலேயே இருந்த வேறு பாக்டீரியாக்கள் முதலில் ஓடி வந்து வாயு விட்டிருக்கின்றன. கெட்ட வாடையும் அவற்றுடையதுதான். அடுத்த சில நாள் ஜாடி செத்ததுபோல் அசையாமல் இருக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். அமிலம் ஏற ஏற அவை அடங்கி, லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் குடியேறும். இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். தீனி போட்ட சில மணி நேரத்தில் தவறாமல் இரட்டிப்பாகி, வாடை போய்ப் புளித்த பழம் மாதிரி மணம் வந்தபின் ஒதுக்கும் மாவைச் சமையலுக்கு எடுங்கள். அதுவரை கொட்டுவதுதான் சரி.

மேலே கருப்பாகத் தண்ணீர் நின்றால் அது பசித்த மாவு விட்ட நீர். சாராயம் கலந்தது, கெடுதல் இல்லை, வடித்துவிடலாம். ஆனால் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கோடு தெரிந்தால், பூஞ்சை பிடித்தால், ஜாடியோடு கழுவிவிடுங்கள். மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் வேலை வேண்டாம்.

கனிரசம்

நிதானம் அண்ணாவின் முறையில் என் அனுபவம் ஒன்று சொல்கிறேன், யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். அன்னாசி போடலாம் என்று பொடியாக நறுக்கி, இரவே மாவில் கலந்து, கொஞ்சம் பாலும் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மாவு கஞ்சிபோல் இருக்கிறது. சுட்டால் கல்லில் பரவி ஓடுகிறது. ருசி ஒரே கசப்பு. பால் கெட்டுவிட்டதோ என்று புதுப் பால் வாங்கி மறுபடியும் செய்தேன், மறுபடியும் அதேதான்.

பழக்கூடை

பால்மேல் தவறில்லை. அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது, புரதத்தை வெட்டிப்போடுவதே அதன் வேலை. மாவின் பசைப் புரதத்தை வெட்டினால் கஞ்சி, பால் புரதத்தை வெட்டினால் கசப்பு. பப்பாளியிலும் கிவியிலும் இதேபோல நொதி உண்டு.

சூடுபட்டால் நொதி செயலிழந்துவிடும். அன்னாசியைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் வெண்ணெயில் ஓரங்கள் சிவக்கும்வரை வதக்கிவிட்டு, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். நீரும் வற்றும், இனிப்பும் திரளும். டின்னில் வருவது ஏற்கனவே சூடாக்கியதுதான், வடித்துவிட்டுப் போடலாம்.

மற்ற பழங்களையும் சொல்லிவிடுகிறேன், பலர் தனிமடலில் கேட்டுவிட்டார்கள்.

வாழைப்பழம் தோல் கறுத்ததாக இருந்தால் ஒன்றை மசித்து மாவிலேயே சேர்க்கலாம், சர்க்கரையை முழுவதும் விட்டுவிடுங்கள். ஆனால் தீயை இன்னும் குறைக்க வேண்டும், சீக்கிரம் கருகும். மசிக்காமல் மெல்லிய வட்டங்களாக வெட்டி மாவின்மேல் பதிப்பதுதான் எனக்குப் பிடித்தது. திருப்பிப் போட்டதும் அந்த வட்டங்கள் கல்லில் நேராகப் பட்டுப் பொன்னிறமாகும். மேலே மாவுச்சொட்டு வைக்கும் வேலை வாழைக்கு வேண்டாம், அது சாறு விடாது. காயாக இருந்தால் துவர்க்கும்.

ஆப்பிளைப் பெரிய கண் துருவியில் துருவி, கையால் நன்றாகப் பிழிந்துவிட்டு மாவில் கலக்கலாம். துண்டாக நறுக்கினால் வேகாது, முன்பே வதக்கத்தான் வேண்டும். பட்டைத்தூள் சேர்ப்பவர்கள் இரவு மாவில் போடாமல் காலையில் போடுங்கள், அது ஈஸ்ட்டை மந்தமாக்கும்.

உலர்திராட்சையை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து போடுங்கள். ஊறாமல் போட்டால் சுற்றியிருக்கும் மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெளியே தெரியும் பழம் கரியாகும். ஸ்ட்ராபெர்ரியை உள்ளே போடவே வேண்டாம் என்பேன். வெந்ததும் தண்ணீர்விட்டு வெளுத்துப்போகும். பச்சையாக நறுக்கி மேலே வைத்துச் சாப்பிடுங்கள். மாம்பழமும் எனக்கு அப்படித்தான், சூடுபட்டால் அதன் மணமே போய்விடுகிறது.

மாவுக்கை

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஒரு சந்தேகம். சோடா எவ்வளவு போடுவது என்று அன்றன்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாவைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்க்கலாமா?

காலைஅடுப்பு

வேண்டாம். பச்சை மாவும் பச்சை முட்டையும் அதில் இருக்கின்றன, கிருமி இருக்கக்கூடும். நாணயம் அளவுக்குக் குட்டியாக ஒன்று சுட்டுப் பாருங்கள். கல்லில் ஒரு தேக்கரண்டி மாவு, அதன் நடுவில் ஒரே ஒரு புளூபெர்ரி, அரை நசுக்கு நசுக்கி. இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். மற்றதைப் பழம் சொல்லிவிடும். பழத்தைச் சுற்றிச் சிவப்பாக இருந்தால் புளிப்பு மிச்சம் இருக்கிறது, இன்னும் சோடா தாங்கும். ஊதா என்றால் நிறுத்திக்கொள்ளலாம். நீலமோ பச்சையோ தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள்.

பழம் இல்லாத நாளில் மாவின் நிறத்தைப் பாருங்கள். நேரமாகியும் வெளிறியே கிடந்தால் புளிப்பு அதிகம். சட்டென்று கரும்பழுப்பு ஏறினால் சோடா அதிகம்.

சோடாவை அப்படியே மாவில் கொட்டாதீர்கள். கட்டி விழுந்தால் வெந்தபிறகு பழுப்புப் புள்ளியாகக் கசக்கும். ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து, கல் சூடான பிறகு கடைசியாக ஊற்றி மடித்துக் கலக்குங்கள். அது மாவில் பட்டதுமே நுரைக்கத் தொடங்கும், அரைமணி நேரம் வைத்தால் வாயு போய்விடும்.

நிதானம்

இந்த நாணயச் சோதனை நல்ல யோசனை. நான் சுடும்போதும் இனிச் செய்து பார்க்கிறேன்.

சும்மா ஒரு செய்தி. 1896இல் கனடாவில் தொடங்கிய குளோண்டைக் தங்க வேட்டைக்குப் போனவர்களுக்கு "சவர்டோ" (புளித்த மாவு) என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. கடுங்குளிரில் ஸ்டார்ட்டரைச் சுமந்து திரிந்து, அதில் ரொட்டியும் பேன்கேக்கும் சுட்டுத்தான் பிழைத்தார்கள். மாவு உறைந்து போகாமல் இருக்க இரவில் உடம்போடு அணைத்துக்கொண்டு தூங்குவார்கள் என்று சொல்வார்கள். அலாஸ்காவில் பழைய ஆட்களை இன்றும் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கல்லில் மாவு ஊற்றும்போது அவர்கள் நினைவு வரும் எனக்கு.

முட்டைவேண்டாம்

எங்கள் வீட்டில் ஒருவருக்கு முட்டை ஒவ்வாது. மாவுக்கை அக்காவின் அளவில் முட்டையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

பழக்கூடை

முட்டை இல்லாவிட்டால் திருப்பும்போது உடைகிறது, கொஞ்சம் கனமாகவும் வரும். நன்கு பழுத்த வாழைப்பழம் பாதியை மசித்து அதற்குப் பதில் சேருங்கள். கட்டுக்கோப்பு வந்துவிடும். பாலை 20 மில்லி குறைத்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு ஊற்றுங்கள். சின்னச் சின்னதாகச் சுடுங்கள், பெரிதாக ஊற்றினால் திருப்ப முடியாது. பழத்தை மேலே தூவுவதும் இதற்குக் குறைவாகத்தான், நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

மாவுக்கை

சனிக்கிழமை அறிக்கை.

இந்தத் தடவை ஃப்ரிட்ஜில் ஒன்பது நாள் இருந்த மாவு எடுத்தேன். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது, வடித்தேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாலே சுள்ளென்று ஏறியது. மற்ற அளவெல்லாம் பழையபடி, சோடா மட்டும் போடாமல் கலந்து பத்து நிமிடம் வைத்தேன். பழம் ஃப்ரீசரிலேயே இருந்தது.

முதல் நாணயம் சோடா இல்லாமல். தட்டையாக, வெள்ளைவெளேர் என்று, பழத்தைச் சுற்றி மாதுளை முத்து மாதிரிச் சிவப்பு. வாயில் வைத்தால் பல் கூசியது. பிறகு கால் தேக்கரண்டி சோடாவைக் கரைத்து ஊற்றினேன். மாவு உடனே உப்பி எழுந்தது, கிண்ணத்தில் சின்னதாக ஒரு சலசலப்பு கேட்டது. இரண்டாவது நாணயம் கொஞ்சம் எழும்பியது, நிறம் சிவப்பும் ஊதாவும் கலந்து. இன்னொரு கால் தேக்கரண்டி. மூன்றாவது நாணயம் நன்றாக உப்பி, தேன் நிறத்தில், பழத்தைச் சுற்றி முழு ஊதா. புளிப்பு லேசாகப் பின்னால் வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஆசை விடவில்லை. ஒரு கரண்டி மாவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, இன்னும் ஒரு சிட்டிகை சோடா போட்டு நான்காவது சுட்டேன். மற்றவை சிவக்கும் நேரத்தில் பாதியிலேயே கருத்துவிட்டது, பழத்தின் ஓரத்தில் நீலமும் சாம்பலும். போன வாரத்துப் பச்சையின் தொடக்கம் என் கண்ணெதிரே. நான்கையும் வரிசையாகத் தட்டில் வைத்து மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் செய்திருக்கிறாள், பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

அப்புறம் பெரிதாகச் சுட்டேன். சிறு தீ, மேலே எட்டுப் பழம், ஒவ்வொன்றின் தலையிலும் மாவுச்சொட்டு. முதல் பக்கத்துக்கு நான்கு நிமிடம் பிடித்தது, உறைந்த பழம் என்பதால் என்று நினைக்கிறேன். பிட்டால் பழத்தின் அடியிலும் மாவு வெந்திருந்தது. பன்னிரண்டு சுட்டேன், ஒன்றும் மிஞ்சவில்லை.

இரும்புக்கல்

நான்கு நிமிடம் சரிதான். மிஞ்சினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்க வாய்ப்பே வரவில்லை, ஆனாலும் மற்றவர்களுக்காக: கம்பித்தட்டில் முழுவதும் ஆறவிடுங்கள், சூட்டோடு அடுக்கினால் வியர்த்து ஈரமாகிவிடும். இடையிடையே காகிதம் வைத்து உறையவைக்கலாம். வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடுங்கள். பழம் அந்தச் சூட்டில் கொதிக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்முன் ஒரு நிமிடம் பொறுங்கள்.

நிதானம்

இரவு மாவிலும் நாணயம் சுட்டுப் பார்த்துவிட்டேன். நான் வழக்கமாகப் போடும் கால் தேக்கரண்டியில் பழம் சிவப்பாகவே இருந்தது. இத்தனை வருடமாகக் குறைவாகப் போட்டு, புளிப்பாகவே தின்றிருக்கிறேன்! இன்னொரு சிட்டிகை சேர்த்ததும் நிறமும் வந்தது, ரொட்டி மணமும் போகவில்லை. காலைஅடுப்புக்கு நன்றி.

காலைஅடுப்பு

அண்ணா, நானும் வெள்ளிக்கிழமை இரவு உங்கள் முறையில் கலந்து வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது வந்த வாசனைக்காகவே மாதம் ஒரு தடவையாவது நினைவு வைத்துக்கொள்வேன்.

புதுஜாடி

பதினேழாம் நாள். ஆறு நாள் அசையாமல் கிடந்தது, கொட்டிவிடலாம் என்றே நினைத்தேன். இங்கே படித்திருந்ததால் தினமும் தீனி மட்டும் போட்டுக்கொண்டே இருந்தேன். நான்கு நாளாகத் தவறாமல் இரட்டிப்பாகிறது, பழ மணம் அடிக்கிறது. இன்று ஒதுக்கிய மாவை முதல்முறையாகக் கொட்டவில்லை. கிடைத்தது 80 கிராம்தான், எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்காக்கி, முட்டைக்கு மட்டும் அடித்ததில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துக்கொண்டேன். நாணயம் இரண்டு, பேன்கேக் நான்கு வந்தன. பழத்தைச் சுற்றி ஊதா.